வாங்கி வைத்த தேனீ ஓடிப்போகாமல் இருக்க: முதல் பெட்டிக்கான செய்முறை

தேனீ வளர்க்கத் தொடங்குகிறவர்கள் எடுத்ததும் கேட்பது, "ஒரு பெட்டிக்கு எத்தனை கிலோ தேன் கிடைக்கும்?" என்றுதான். அடுக்குத் தேனீ என்கிற இந்தியத் தேனீயைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம். இத்தாலியத் தேனீ கஷ்டகாலத்திலும் பெரும்பாலும் பெட்டியை விடாது. நம் அடுக்குத் தேனீக்கு இடம் ஒத்துவராவிட்டால் ராணியோடு மொத்தக் குடும்பமும் கிளம்பிவிடும். காலையில் போய்ப் பார்த்தால் வெறும் அடை மட்டும் தொங்கும். இது தலைவிதி இல்லை. பசி, வெயில், எறும்பு, மெழுகுப்பூச்சி, அளவுக்கு மீறிய தொந்தரவு என்று காரணம் ஏதாவது இருக்கும். முன்கூட்டியே தெரியும் அடையாளங்களும் உண்டு.

1. இடம்

காலை வெயில் படவேண்டும், பதினொரு மணிக்கு மேல் நிழல் வேண்டும். தென்னை, மா, சப்போட்டாத் தோப்பு நல்லது. வாசல் கிழக்கு பார்த்து இருக்கட்டும். இந்தத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில்தான் இரை தேடும். அதனால் உங்கள் தோட்டத்தோடு நிறுத்தாமல் அக்கம்பக்கத்தையும் பாருங்கள். தென்னை இருந்தால் மகரந்தத்துக்கு அநேகமாக வருஷம் முழுக்கக் கவலையில்லை. முருங்கை, புளி, நாவல், வேம்பு, எள் என்று பருவத்துக்கு ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. பக்கத்து வயலில் அடிக்கடி பூச்சிமருந்து அடிக்கிறார்கள் என்றால் அந்த இடம் வேண்டாம்.

அருகில் சுத்தமான தண்ணீர் வேண்டும். அகலமான தட்டில் கூழாங்கல் போட்டு நீர் ஊற்றி வையுங்கள். வெறும் தட்டில் வைத்தால் தேனீ விழுந்து சாகும். ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டி என்றால் இரண்டுக்கும் நடுவே ஆறடி விடுங்கள்.

2. பெட்டியும் தாங்கியும்

இந்தியத் தேனீக்கான சிறிய பெட்டிகளான நியூட்டன் பெட்டி அல்லது மார்த்தாண்டம் பெட்டி வாங்குங்கள். அடை கட்டுவதற்காகப் பெட்டிக்குள் தொங்கவிடும் மரச்சட்டகத்தைத்தான் சட்டம் என்கிறோம். இத்தாலியத் தேனீக்கான பத்துச் சட்டப் பெட்டி இந்தச் சிறு குடும்பத்துக்குக் காலி வீடு மாதிரி. காவல் இல்லாத மூலையில் மெழுகுப்பூச்சிதான் குடியேறும். நியூட்டன் பெட்டியில் அடிப்பலகை, ஏழு சட்டம் கொண்ட புழு அறை, அதன்மேல் உயரம் குறைந்த தேன் அறை, உள்மூடி, மேல்மூடி ஆகியவை இருக்கும். சட்டங்களைச் சுற்றி 8 மில்லிமீட்டர் அளவுக்கு வழி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வழி அகலமானால் அங்கே குறுக்கு அடை கட்டும், பிறகு ஒரு சட்டத்தை எடுக்க நான்கு அடையைக் கிழிக்க வேண்டிவரும்.

தாங்கி இரண்டு அல்லது இரண்டரை அடி உயரம் போதும். காலைச் சுற்றி எறும்புக் கிண்ணம் கட்டாயம். அதில் நீர் வற்றக் கூடாது. புல்லோ கொடியோ பெட்டியைத் தொட்டால் கிண்ணம் வைத்தும் பயனில்லை, எறும்புக்குப் பாலம் கிடைத்துவிடும்.

3. குடும்பத்தை வாங்கும்போது

நான்கு சட்டம் நிறையத் தேனீ உள்ள குடும்பமாகப் பாருங்கள். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தேனை விட்டுவிட்டு முட்டையைத் தேடுங்கள். சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, வெளிச்சம் அடையிலுள்ள சின்னச் சின்ன அறைகளின் அடிவரை விழும்படி சட்டத்தைச் சாய்த்தால், அரிசிக் குருணையை விடச் சிறிய வெள்ளைக் குச்சி தெரியும். முட்டை மூன்று நாளில் பொரிந்துவிடும். ஆகவே முட்டை இருந்தால் மூன்று நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறது என்று அர்த்தம். ராணியைக் கண்ணால் பார்த்தே தீரவேண்டும் என்று சட்டத்தைப் புரட்டிக்கொண்டே இருக்காதீர்கள்.

அடையின் ஓர் அறைக்கு ஒரு முட்டை இருக்கவேண்டும். ஒரே அறையில் நாலைந்து முட்டை கிடந்தால் ராணி இல்லை, வேலைக்காரத் தேனீ முட்டையிடத் தொடங்கிவிட்டது. அதை வாங்கவேண்டாம். ஆண் தேனீ அறையின் மூடியில் நடுவே ஊசித்துளை ஒன்று இருக்கும். அது இந்தத் தேனீயின் இயல்பு, நோய் இல்லை.

4. கொண்டுவந்து வைப்பது

இருட்டிய பிறகு, எல்லாத் தேனீயும் உள்ளே வந்ததும் வாசலைக் கம்பிவலையால் மூடுங்கள். சட்டங்கள் ஆடாமல் பெட்டியைக் கயிற்றால் கட்டுங்கள். வண்டியில் ஏற்றும்போது சட்டங்கள் வண்டி போகும் திசைக்கு இணையாக இருக்கட்டும். குறுக்காக வைத்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் அடைகள் ஒன்றோடொன்று மோதும், ராணி நசுங்கும். இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் வாங்கினால் வெளியே போகும் தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

இடத்தில் வைத்து அரைமணி நேரம் கழித்து வாசலைத் திறந்து, ராணித் தடுப்பைப் பொருத்துங்கள். வேலைக்காரத் தேனீ நுழையலாம், ராணியால் வெளியே வரமுடியாது. ராணி போகாமல் குடும்பம் போகாது. ஐந்தாறு நாளில் அதை எடுத்துவிட வேண்டும். மறந்துவிட்டால் ஆண் தேனீக்கள் உள்ளே அடைபட்டுச் சாகும். புது ராணி இருக்கும் பெட்டி என்றால் அது இணைசேரப் பறக்கவே முடியாமல் போகும்.

5. தீனி

100 கிராம் வெள்ளைச் சர்க்கரையை 100 மில்லி வெந்நீரில் கரைத்து ஆறவையுங்கள். வாரத்துக்கு இரண்டு தடவை, பொழுது சாய்ந்த பிறகு கொடுங்கள். பகலில் வைத்தால் பக்கத்துப் பெட்டித் தேனீ கொள்ளையடிக்க வரும். சிரட்டையில் ஊற்றி, காய்ந்த குச்சி நாலைந்து போட்டுப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். குச்சிமேல் உட்கார்ந்து குடிக்கும், மூழ்காது. வெல்லம், கருப்பட்டி வேண்டாம். தேனீக்கு வயிறு போகும். கடைத்தேனும் வேண்டாம், அதில் வேறு பெட்டியின் நோய் வரலாம்.

பூ நிறைய இருக்கும்போது தீனியை நிறுத்துங்கள். தேன் அறை ஏற்றிய பிறகு பாகு ஊற்றினால் கடைசியில் நீங்கள் எடுப்பது தேனாக இருக்காது.

6. வாரம் ஒருமுறை பார்ப்பது

காலை வேளை, மழையும் காற்றும் இல்லாத நாள். தேங்காய் நாரை மூட்டி வாசலில் இரண்டு ஊது புகை போதும். அதிகம் போட்டால் மிரண்டு ஓடும். கொட்டிய தேனீ மற்றவற்றை உசுப்ப விடும் வாடையில் வாழைப்பழ மணத்தின் சாயல் உண்டு. பழம் தின்ற கையோடு பெட்டியைத் திறக்காதீர்கள். கொட்டினால் கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுங்கள். உடம்பெல்லாம் தடித்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

பத்து நிமிஷத்துக்குள் பார்க்கவேண்டியவை: முட்டை இருக்கிறதா, மேல் ஓரத்தில் தேன் இருக்கிறதா, அடிப்பலகை சுத்தமாக இருக்கிறதா. அடிப்பலகையை ஒவ்வொரு தடவையும் துடைக்கவேண்டும். அங்கே சேரும் மெழுகுத்தூளில்தான் மெழுகுப்பூச்சியின் புழு வளரத் தொடங்கும். பிறகு அடைக்குள் நூலாம்படை கட்டிச் சுரங்கம் போடும், தேனீ வெறுத்துப்போய்க் கிளம்பும். தேனீ மூடியிராத அடை எதையும் உள்ளே விட்டுவைக்காதீர்கள். தேனீ ஐந்து சட்டத்தை மட்டும் மூடியிருந்தால் மற்ற இரண்டையும் எடுத்துவிட்டு மறிப்புப் பலகையால் இடத்தைச் சுருக்குங்கள். கறுத்த பழைய அடையையும் கழித்துவிடுங்கள். நம் தேனீக்குப் புது அடைதான் பிடிக்கும்.

புழு, அடையில் தான் இருக்கும் அறைக்குள்ளேயே செத்து, தலை மேல்நோக்கித் தூக்கி, நீர் கோத்த பைபோல இருந்தால் அது பைப்புழு நோய். தாய்லாந்து பைப்புழு வைரஸ் 1991-92இல் தென்னிந்தியாவின் பெரும்பாலான பெட்டிகளைக் காலி செய்தது. மருந்து கிடையாது. அந்தப் பெட்டியின் சட்டத்தை இன்னொரு பெட்டிக்கு மாற்றாதீர்கள், அங்கே தொட்ட கையையும் கருவியையும் கழுவாமல் அடுத்ததைத் திறக்காதீர்கள்.

7. கிளம்பப் போகிறது என்று தெரிவது

திடீர்த் தொந்தரவால் ஓடுவது ஒரு வகை. எறும்பு ஏறினால் புழுவைக்கூட விட்டுவிட்டுப் போகும். பஞ்சத்தால் போவது வேறு, அதற்கு ஏற்பாடு நடக்கும். ராணி முட்டையைக் குறைக்கும், பிறகு நிறுத்தும். காலில் மகரந்த உருண்டையோடு வரும் தேனீ குறையும். சேர்த்த தேன் கரையும். மெழுகால் மூடிய அறைக்குள் இருக்கும் புழுக்கள் தேனீயாகி வெளிவரும்வரை காத்திருந்து கிளம்பும். முட்டை இல்லை, மகரந்தமும் வரவில்லை என்று இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அன்று மாலையே பாகு கொடுங்கள், ராணித் தடுப்பைப் போடுங்கள். நோயில்லாத வேறு பெட்டி இருந்தால் மூடாத புழு உள்ள சட்டம் ஒன்றை எடுத்து நடுவில் வையுங்கள். ஊட்டவேண்டிய புழு இருந்தால் பெரும்பாலும் தங்கிவிடும்.

புது ராணி வளரும் அறைகள் அடையில் தொங்கிக்கொண்டிருக்க, பாதித் தேனீ மட்டும் போயிருந்தால் அது ஓடிப்போனது இல்லை, குடும்பம் பிரிந்தது. மிச்சத்தை அப்படியே காப்பாற்றலாம்.

மொத்தமாகவே போய்விட்டதா? அக்கம்பக்கத்துக் கிளைகளைப் பாருங்கள். சில மணி நேரமாவது கொத்தாகத் தொங்கும். தண்ணீரை மெல்லத் தெளித்து, கூடையைக் கீழே பிடித்துக் கிளையை ஓங்கி ஒரு உலுக்கு உலுக்குங்கள். கொத்தில் ராணி விழுந்திருந்தால் மற்றவை தானாகக் கூடைக்கு வரும். மாலையில், காரணத்தைச் சரிசெய்த பிறகே பெட்டியில் கொட்டுங்கள். கொத்து கிடைக்காவிட்டால் பழைய அடைகளை அன்றைக்கே உருக்கி மெழுகாக்கி, பெட்டியை வெயிலில் காயப்போடுங்கள்.