ஷூட்டிங் வேலைக்குப் போகும் மலை ஊர்ப் பையன்களுக்கு

சீசன் முடிந்து டூரிஸ்ட் வண்டிகள் குறைந்ததும் எங்கள் ஊர்ப் பையன்கள் ஷூட்டிங் வேலை தேடுவார்கள். ஊட்டியை அடுத்த ஒன்பதாவது மைலிலோ பைகாரா பக்கமோ ஒரு யூனிட் வந்து இறங்கினால் உள்ளூர் ஆட்கள் நாலு பேராவது தேவைப்படும். போகிறவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. கேட்காமலே உதவப் போய்த்தான் திட்டு வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

முதல் நாள். புல்வெளியில் ஒரு மர பெஞ்ச், அதன்மேல் முத்து முத்தாக ஈரம். கதாநாயகி உட்காரப் போகிறார் என்றார்கள், வெள்ளைச் சேலை வேறு. தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பளிச்சென்று துடைத்துவிட்டேன். ஸ்ப்ரே பாட்டிலோடு ஓடிவந்த ஆர்ட் அசிஸ்டென்ட் தலையில் கை வைத்துக்கொண்டார். ஊட்டியில் பனித்துளிக்கா பஞ்சம், இதைப் போய்த் தெளிப்பார்களா என்று நான் விழித்தேன். உதவி இயக்குநர் ஒருவர் போனில் ஒரு படத்தைக் காட்டினார். காலை 7 மணிக்கு எடுத்த ஷாட்டில் பெஞ்ச் நனைந்திருந்தது. இப்போது மணி 11, நிஜப் பனி வெயிலில் காய்ந்துவிட்டது. ஆனால் கதைப்படி இரண்டு ஷாட்டுக்கும் நடுவே ஒரு நிமிடம்கூடக் கிடையாது.

ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்க வேண்டும், இதற்குப் பெயர்தான் கன்டின்யூட்டி. அதைக் குறித்து வைப்பது பெரும்பாலும் உதவி இயக்குநர்களில் ஒருவர். பொருள்கள் ஆர்ட் டிபார்ட்மென்ட் பொறுப்பு, துணிமணி காஸ்ட்யூமர் பொறுப்பு. பாதி குடித்த டீ டம்ளர் குப்பை மாதிரி தெரியும். புல்லில் கிடக்கும் குச்சி, நடிகர் வந்து நிற்க வேண்டிய மார்க்காக இருக்கும். கை வைக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

மைக்கில் கத்துகிறவர்தான் டைரக்டர் என்று நினைப்பது அடுத்த தவறு. பெரும்பாலும் அவர் இணை இயக்குநராகவோ உதவி இயக்குநராகவோ இருப்பார், செட்டை ஓட்டுவது அவர் வேலை. டைரக்டர் குல்லாய் போட்டுக்கொண்டு மானிட்டர் முன்னால் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார். அவரிடம் போய் “சார், சாப்பாடு எப்ப?” என்று கேட்ட பையனை எனக்குத் தெரியும். சாப்பாடு, ரூம், வண்டி, பேட்டா என்கிற தினப்படி எல்லாம் புரொடக்‌ஷன் மேனேஜர் கணக்கு.

கேமரா பக்கம் ஒளிப்பதிவாளர் சொல்வதுதான் முடிவு. ஃபோகஸ் புல்லர் பார்ப்பதற்குச் சும்மா நிற்கிற மாதிரி தெரிந்தாலும், நடிகர் ஓர் அடி முன்னால் வந்தால் படம் மங்காமல் காப்பது அவர் விரல்தான். குளிருகிறதே என்று இரக்கப்பட்டு லென்ஸ் பெட்டியைத் திறந்து கணப்புக்குப் பக்கத்தில் வைத்தார் ஒரு டிரைவர். குளிர்ந்த கண்ணாடியில் வெதுவெதுப்பான ஈரக்காற்று பட்டதும் நீர்த்திவலை படர்ந்துவிட்டது. மூடிய பெட்டியிலேயே மெல்லச் சூடேற விட்டிருக்க வேண்டும். லைட் ஸ்டாண்டும் கேபிளும் லைட்மேன்கள் சொத்து. மழை ஈரத்தில் அவற்றைத் தொடவே வேண்டாம்.

உள்ளூர்க்காரன் என்பதால் நமக்கென்றே ஒரு வம்பு உண்டு. ஃபிரேமில் பச்சை போதவில்லை, அந்தக் கிளையை ஒடித்து வா என்று யாராவது சொல்லுவார்கள். காப்புக்காட்டில் மரம் வெட்டுவது 1882-ஆம் வருடத் தமிழ்நாடு வனச் சட்டப்படியே குற்றம். அனுமதி வாங்குவது மேனேஜர் வேலை, அந்தக் கடிதத்தில் கிளை ஒடிக்கலாம் என்று இருக்கிறதா என்று அவரையே கேளுங்கள். யூனிட் சாயங்காலம் மலை இறங்கிவிடும், ரேஞ்சருக்குத் தெரிந்த முகம் உங்களுடையது.

அன்றைய ஷூட்டிங் முடிந்து ‘பேக்கப்’ சொன்னதும் தட்டுமுட்டுச் சாமானைத் தூக்கி வண்டியில் போட ஓடாதீர்கள். முதலில் மேனேஜரைப் பிடித்து வவுச்சரில் கையெழுத்துப் போட்டு அன்றைய பேட்டாவை வாங்குங்கள். மேட்டுப்பாளையம் தாண்டிவிட்டால் சிலர் போனை எடுப்பதில்லை.