புற்றுநோயாளிக்குக் கொரோனா: வன்னி வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் காய்ச்சல் என்றால் ஆட்களுக்கு அவ்வளவு பயம் இல்லை. டெங்கு, எலிக்காய்ச்சல், மாரித் தடிமன் என்று வருசம் முழுக்க ஏதோ ஒன்று வந்து போகும். பனடோல் இரண்டு, கொத்தமல்லித் தண்ணி, ஒரு நாள் படுக்கை. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும் ஒருவர் இருக்கிற வீட்டில் இந்தப் பழக்கம்தான் உயிருக்கு ஆபத்து.

மருந்து ஏற்றி 7 முதல் 14 நாட்களுக்குள் கிருமியை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் பெரும்பாலும் அடிமட்டத்துக்கு வந்திருக்கும். அந்த நேரம் உடல் சூடு 38 பாகை செல்சியசைத் தொட்டால் அது அவசர நிலை. கொரோனாவா, பக்டீரியாவா என்று வீட்டிலிருந்து சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்தும் வரலாம். பனடோல் சூட்டை இறக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. "ரெண்டு குளிசை போட்டனான், இப்ப சுகமாக் கிடக்கு" என்று அம்மா சொல்ல வீடே நிம்மதியாகப் படுக்கும். விடியும்போது அம்மாவுக்கு எழும்ப ஏலாது, கை கால் குளிர்ந்திருக்கும். அதனால் முதலில் வெப்பமானியை வையுங்கள். அளவையும் நேரத்தையும் கிளினிக் கொப்பியில் எழுதிவிட்டு உடனே வெளிக்கிடுங்கள். நோவுக்கு என்று கடையில் டைக்குளோபினாக் வாங்கிக் கொடுக்கவே வேண்டாம். இரத்தத்தை உறைய வைக்கும் குருதிச் சிறுதட்டுகள் குறைந்திருந்தால் இரத்தம் கசியும். டெங்கு என்றாலும் அதே ஆபத்து.

எங்கே போவது? "எங்களுக்குத் தெல்லிப்பழைக் கான்சர் ஆஸ்பத்திரியில்தானே கிளினிக்" என்று விடியும்வரை காத்திருக்கிறவர்கள் நிறையப் பேர். புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தன், ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம், அங்கிருந்து தெல்லிப்பழை. காய்ச்சலோடு போகிற தூரமா அது? இப்படியான காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு மணித்தியாலத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி ஏற வேண்டும். கிளிநொச்சியோ முல்லைத்தீவோ வவுனியாவோ மன்னாரோ, கிட்ட உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள், காசு இல்லை. போனதும் வாய் திறந்து சொல்லுங்கள்: "கான்சருக்கு மருந்து ஏத்திறம், கடைசியா ஏத்தினது இந்தத் திகதி." பக்கத்தில் ஊர்ச் சனம் நிற்கிறது என்று இதை மறைக்கிறவர்கள் உண்டு. அந்தக் கூச்சம் எனக்கு விளங்குகிறது, ஆனால் அதைச் சொல்லாவிட்டால் நோயாளி சாதாரண காய்ச்சல் வரிசையில்தான் இருப்பார்.

அடுத்தது, கொரோனாவுக்குப் பயந்து மருந்து ஏற்றப் போகாமல் விடுவது. 2020-இல் பிரித்தானியாவில் கொரோனா வந்த 800 புற்றுநோயாளிகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் 28 வீதமானோர் இறந்தார்கள். தடுப்பூசி வராத காலம் அது. ஆனால் முந்தைய நான்கு வாரங்களுக்குள் மருந்து ஏற்றியவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக இறக்கவில்லை. வயது, இதய வருத்தம், பிரஷர் ஆகியவைதான் ஆபத்தைக் கூட்டியிருந்தன. தொற்று உறுதியானால் மருந்தைத் தள்ளிப்போடுவதா, எத்தனை நாளுக்கு என்பதையெல்லாம் வைத்தியர் முடிவெடுக்கட்டும். ஒரு முறை மருந்து தவறி, அதற்குள் கட்டி வளர்ந்தால் அதை இலேசில் ஈடுசெய்ய முடியாது.

எல்லாப் புற்றுநோயையும் ஒன்றாகப் பார்ப்பதும் பிழை. மார்புப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து பல வருசமாகச் சுகமாக இருக்கும் ஒருவரைக் கொரோனாவைச் சொல்லி வீட்டுக்குள் அடைத்து வைக்கத் தேவையில்லை. குருதிப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய், நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களுக்குத்தான் ஆபத்து கூட. அதிலும் நிணநீர்ப் புற்றுநோய்க்குக் கொடுக்கும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ரிட்டுக்சிமாப் என்ற மருந்தை ஏற்றியவர்களின் உடலில் வைரஸ் வாரக்கணக்கில், சிலரில் மாதக்கணக்கில் தங்கும். ஒரு கிழமை கழிந்தது, சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். திரும்பக் காய்ச்சலோ இளைப்போ வந்தால் மறுபடி காட்டுங்கள். இவர்களுக்குத் தடுப்பூசியின் பலனும் குறைவு. அதற்காகப் போடாமல் விடக் கூடாது. எப்போது போடுவது என்று கிளினிக்கில் கேளுங்கள், வீட்டில் மற்றவர்களும் போட்டிருக்க வேண்டும்.

வீட்டுத்திட்ட வீட்டில் எல்லோருக்கும் தனி அறை கிடைக்காது. அறையையும் யன்னலையும் புற்றுநோயாளிக்கு விட்டுவிட்டு, இருமுகிறவர் விறாந்தையில் படுக்கட்டும். வற்றாப்பளைப் பொங்கலுக்கோ செத்தவீட்டுக்கோ போய் வந்தவருக்குத் தொண்டை நோகுதென்றால், சாப்பாடு கொடுப்பதை இன்னொருவர் பார்த்துக்கொள்ளலாம். வேறு ஆள் இல்லாவிட்டால் அவரே மாஸ்க் போட்டுக் கொடுக்கட்டும்.