கௌபாய் பூட்ஸைச் சுத்தம் செய்வது எப்படி? வழவழத் தோலுக்கு ஒன்று, ஸ்வேடுக்கு வேறு

டெக்சாஸில் ரோடியோ என்ற குதிரை, மாட்டுச் சாகசப் போட்டி பார்க்கப் போய், சேறும் சாணமுமாக பூட்ஸோடு வீடு திரும்பியிருக்கிறீர்களா? அன்றைக்கே கவனித்துவிடுங்கள். சாணமும் குதிரை வேர்வையும் காய்ந்து ஒட்டிக் கிடந்தால் தோலோடு தையல் நூலையும் சேர்த்துக் கெடுக்கும்.

முதலில், எந்தத் தோல் என்று பாருங்கள். விரலால் தடவினால் கோடு விழுகிறதா? அது மெல்லிய இழை எழும்பிய ஸ்வேட், அல்லது தோலின் உட்புறத்தை வெளியே காட்டித் தைத்த ரஃப்அவுட். இரண்டுக்கும் ஒரே வைத்தியம்தான். கோடு விழாவிட்டால் வழவழத் தோல். பாதத்துக்கு ஒரு தோல், காலை மூடும் மேல்பகுதிக்கு வேறு தோல் என்று வைத்துத் தைப்பதும் உண்டு. அப்படியென்றால் இரண்டையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

வழவழத் தோல்

1. ஈரம் படுவதற்கு முன் குதிரைமுடி பிரஷால் தூசியைத் தட்டுங்கள். மணலை வைத்துக்கொண்டே ஈரத்துணியால் தேய்த்தால் உப்புத்தாள் போட்ட மாதிரி கீறல் விழும். அடித்தோலும் மேல்தோலும் சேரும் ஓரத்தில் தையல் போட்ட ஒரு பட்டை ஓடும், அதற்கு வெல்ட் என்று பெயர். மண் போய் அடைவதே அங்கேதான். பழைய டூத்பிரஷால் தையலுக்குத் தையல் கிளறி எடுங்கள். பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டினால் இன்னும் கொஞ்சம் உதிரும்.

2. துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, தோல் பொருள்களுக்கென்றே விற்கும் சேடில் சோப்பில் லேசாகத் தேய்த்து, நுரையை மட்டும் பூசித் துடையுங்கள். மறுபடி வெறும் ஈரத்துணியால் ஒரு தடவை. சேடில் சோப்பும் காரம்தான், வாராவாரம் போட்டால் தோல் வறண்டுபோகும். சும்மா தூசிக்கு பிரஷே போதும்.

3. நிழலில், காற்றாட, ஒரு நாள் காயட்டும். உள்ளே வெள்ளைத்தாளைச் சுருட்டி வையுங்கள். செய்தித்தாள் மை வெளிர் நிற உள்தோலில் ஒட்டும். ஹேர் டிரையர், ஹீட்டர் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். அழுக்கைவிட சூட்டால் வெடித்து வீணாகும் பூட்ஸ்தான் அதிகம் என்பேன்.

4. காய்ந்த பிறகு, தோல் வறளாமல் காக்கும் கண்டிஷனர். சுண்டைக்காய் அளவு எடுத்துத் துணியால் மெல்லிசாகத் தடவினால் போதும். மிங்க் ஆயில், நீட்ஸ்ஃபுட் ஆயில் இரண்டும் நிறத்தைக் கருக்கும். வெளிர் நிற பூட்ஸுக்கு பிக் 4 (Bick 4) என்ற கண்டிஷனர் மாதிரி நிறம் மாற்றாததே என் தேர்வு. எதுவானாலும், காலை நுழைக்கும்போது பிடித்து இழுக்கும் வாரின் உட்புறத்தில் முதலில் தடவிப் பாருங்கள். பாலிஷ் உங்கள் இஷ்டம்.

பாம்புத் தோல் என்றால் செதில் போகும் திசையிலேயே துடைக்க வேண்டும், எதிர்த்துத் தேய்த்தால் செதில் தூக்கிக்கொள்ளும்.

ஸ்வேட்

மேலே சொன்ன சோப்பு, எண்ணெய், பாலிஷ் மூன்றையும் இதற்கு மறந்துவிடுங்கள்.

சேறு பட்டிருந்தால் அவசரப்பட்டுத் துடைக்க வேண்டாம், துடைத்தால் இழைக்குள் இறங்கிவிடும். முழுக்கக் காய்ந்ததும் ஸ்வேட் பிரஷால் ஒரே திசையில் தேய்த்தால் பொலபொலவென்று உதிரும். போகாத கறைக்கு ஸ்வேட் ரப்பர். அதற்கும் அசையாவிட்டால் வெள்ளை வினிகரில் துணியை லேசாக நனைத்து ஒற்றிக் காயவிட்டு, மறுபடி பிரஷ் போடுங்கள்.

எண்ணெய்க் கறைக்குத் தண்ணீர் ஆகாது. சோள மாவை (கார்ன்ஃப்ளோர்) தாராளமாகத் தூவி இரவு முழுக்க விட்டு, காலையில் தட்டுங்கள். ஒரு தடவையில் போகாவிட்டால் திரும்பவும் தூவலாம். இழை படுத்துப்போன இடத்தைக் கெட்டில் ஆவியில் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, சூடு ஆறுவதற்குள் பிரஷால் நிமிர்த்துங்கள்.

புது ஸ்வேட் பூட்ஸ் என்றால், போடுவதற்கு முன்பே நீர் ஒட்டாத ஸ்பிரே அடித்துக்கொள்வது நல்லது. ஜன்னலைத் திறந்து வைத்து, அல்லது வெளியே போய் அடியுங்கள்.

எடுத்து வைக்கும்போது மேல்பகுதி மடங்காமல் உள்ளே வெள்ளைத்தாளைச் சுருட்டிச் செருகுங்கள். அப்புறம், குதிகாலின் அடியில் உள்ள ரப்பரையும் அவ்வப்போது பாருங்கள். அது தேய்ந்ததும் மாற்றினால் செலவு குறைவு, மேலே இருக்கும் தோல் அடுக்கு வரை தேயவிட்டால் குதிகாலையே கட்ட வேண்டிவரும்.