நிரலாளர்களுக்கான கருவிகளை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டக் கணக்குகளுக்கு மென்பொருள் எழுதும் எங்கள் சிறிய அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வரும் இளைஞர்கள், சக நிரலாளர்களுக்கென்று சிறு கருவிகளை எழுதும்போது, நாங்கள் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். "பயன்படுத்துபவரும் நிரலாளர்தானே, அவரே கண்டுபிடித்துக்கொள்வார்" என்னும் எண்ணமே அவற்றுக்கு வேர். காப்பு எடுக்க மறப்பது போன்றவற்றை எல்லாரும் அறிவர், அவற்றை விட்டுவிடுகிறேன்.

காரணத்தை மறைக்கும் பிழைச்செய்தி

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. நிரலாளர்கள் தங்கள் நிரலோடு இணைத்துக்கொள்வதற்காக விற்கப்பட்ட ஒரு கருவி, ஒவ்வொரு தொழிலாளரின் சம்பளச் சீட்டையும் அவர் பெயரிலேயே கோப்பாகச் சேமிக்கும். அதை முதன்முதலாக மாத இறுதியில் இயக்கியபோது, பாதியில் நின்று, "கோப்போ கோப்புறையோ இல்லை" என்று மட்டும் சொன்னது. எந்தக் கோப்பு, யாருடைய சீட்டு என்ற விவரம் எதுவுமில்லை. இயக்கிய தம்பி வட்டில் இடம் உள்ளதா, எழுதும் அனுமதி உள்ளதா, மறுபடியும் நிறுவினால் சரியாகுமா என்று பொழுது சாயும்வரை தேடினார்.

காரணம் நம்மவர்களின் பெயரிலேயே இருந்தது. அடையாள அட்டையில் தகப்பன் பெயருக்கு முன் வரும் 'ஏ/எல்', 'ஏ/பி' ஆகியவற்றின் சாய்கோட்டை இயங்குதளம் கோப்புறைப் பிரிப்பானாக எடுத்துக்கொண்டு, இல்லாத கோப்புறையைத் தேடியது. 'பின்', 'பிந்தி' என்று வரும் மலாய்ப் பெயர்களில் அந்தக் கோடு இல்லாததால் அவர்களுடைய சீட்டுகள் ஒழுங்காக வந்தன. அதுவே தேடலைத் திசைதிருப்பியது. 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த 7-ஆம் நாளுக்குள் ஊதியத்தைக் கொடுத்தாக வேண்டும். அந்த நெருக்கடியில் தோட்டத்துக் கிராணியார் எங்கள் அலுவலகத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்.

கோப்பின் முழுப் பாதையைச் செய்தியில் அச்சிட்டிருந்தால், பார்த்தவுடன் விளங்கியிருக்கும். கருவி எதைச் செய்ய முயன்றது, எந்த மதிப்பில் நின்றது, அடுத்து எதைச் சரிபார்க்கலாம் என்பவற்றைப் பிழைச்செய்தி சொல்லியாக வேண்டும். பைத்தான் நிரல்மொழியின் 2021-இல் வந்த 3.10 பதிப்பு, தவறாக எழுதப்பட்ட பெயருக்கு நெருக்கமான சரியான பெயரைத் தானே பரிந்துரைக்கத் தொடங்கியது. ரஸ்ட் மொழியில் எழுதியதைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் தொகுப்பி, பிழையுள்ள வரியைக் காட்டுவதோடு, திருத்தும் வழியையும் பல இடங்களில் எழுதித் தருகிறது.

ஒரே கட்டளைக்கு இரண்டு வேலை

நிரலின் மாற்றங்களைப் பதிப்புகளாகச் சேமித்துவைக்கும் கிட் கருவியில் 'செக்கவுட்' கட்டளை, ஒரு கிளையிலிருந்து, அதாவது நிரலின் ஒரு தனி வளர்ச்சிப் பாதையிலிருந்து, இன்னொன்றுக்கு மாறவும் பயன்பட்டது, கோப்பில் செய்த திருத்தங்களைக் களைந்து பழைய நிலைக்குத் திரும்பவும் பயன்பட்டது. 2019-இல் வந்த 2.23 பதிப்பில்தான் இவற்றுக்கு 'சுவிட்ச்', 'ரிஸ்டோர்' என்னும் தனிக் கட்டளைகள் கிடைத்தன. புதியவர்களுக்கு நான் இவ்விரண்டையே கற்றுக்கொடுக்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாத விதி

மூல நிரல்களிலிருந்து மென்பொருளைக் கட்டமைக்க 1976-இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய 'மேக்' கருவியில் கட்டளை வரிகள் டேப் எழுத்தில் தொடங்க வேண்டும். வெற்று இடைவெளிகளை இட்டால் திரையில் வேறுபாடு தெரியாது. கருவி மட்டும் நின்றுவிடும். பயனர் சிலரே இருந்த காலத்தில் மாற்றாமல் விட்ட அந்த விதி இன்றும் தொடர்கிறது.

முன்னோட்டமில்லாத அழிப்பு

கோப்புகளை நகலெடுத்து ஒத்திசைக்கும் 'ஆர்சிங்க்' கருவியின் 'டிரை ரன்' என்னும் ஒத்திகை ஓட்டம் போல, எவையெவை அழியும் என்று முதலில் பட்டியலிட்டுக் காட்டாத எந்த அழிப்புக் கட்டளையையும் எங்கள் அலுவலகத்தில் நான் ஏற்பதில்லை.