முதலில் எழுத்தைப் படியுங்கள்

முப்பது ஆண்டுகள் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். அப்படிப்பட்டவனே முதல் பழைய கைக்கடிகாரத்தை வாங்கும்போது ஏமாந்தேன். அறுபதுகளில் செய்தது என்றார்கள். முகப்போ நேற்று வெளுத்த வேட்டி போல இருந்தது. அந்தப் பளபளப்பில் மயங்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். வீட்டில் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால், ஆறுமணிக் கோட்டுக்குக் கீழே இருந்த ‘ஸ்விஸ் மேட்’ ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. நிமிடக் கோடுகளில் இரண்டு, மணிக் குறிகளோடு சேராமல் விலகி நின்றன. யாரோ பழைய முகப்பைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வண்ணம் பூசி எழுதியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து முகப்பைப் பார்த்த பிறகுதான் மற்றதைப் பார்க்கிறேன். ஓடாத எந்திரத்தைப் பெரும்பாலும் ஓட வைத்துவிடலாம். உதிரிப் பாகம் தேடிப் போடலாம். அழிந்துபோன மூல முகப்பு திரும்பி வராது.

பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி ஒன்று கையில் இருக்கட்டும். எழுத்தின் ஓரங்கள் கூர்மையாக இருக்கின்றனவா, மசி கசிந்தது போலத் தடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். எழுத்துக்கு எழுத்து இடைவெளி சீராக இருக்க வேண்டும். விநாடி முள்ளுக்குத் தனியாகச் சிறு வட்டம் இருந்தால், அதன் கோடுகளையும் எண்ணிப் பாருங்கள்; மறுபூச்சுக்காரர்கள் அதிகம் தடுமாறும் இடம் அது. அதே வகைக் கடிகாரங்களின் படங்கள் நாலைந்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் பாதிப் புரட்டு அங்கேயே தெரிந்துவிடும். முகப்பு சீராகப் பழுப்பேறியிருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். அது வயதின் நிறம். ஓரத்தில் திட்டுத் திட்டாகக் கறை இருந்தால் ஈரம் உள்ளே போயிருக்கிறது, எந்திரத்திலும் துரு இருக்கலாம் என்று பொருள்.

இருட்டில் ஒளிரும் பூச்சு உள்ள பழைய முகப்புகளில் ஓர் எச்சரிக்கை. அறுபதுகள் வரை அந்தப் பூச்சில் ரேடியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கலப்பதுண்டு. இப்போது ஒளிரவில்லை என்பதால் தீங்கில்லை என்று நினைக்க வேண்டாம். ஒளிரும் வேதிப்பொருள்தான் களைத்துப்போயிருக்கும். ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 1,600 ஆண்டுகள். அப்படிப்பட்ட கடிகாரத்தை நீங்களே திறக்காதீர்கள், பூச்சைச் சுரண்டாதீர்கள். ‘ஸ்விஸ்’ என்ற சொல்லுக்கு இருபுறமும் ‘டி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அதில் இருப்பது டிரிட்டியம் என்ற வேறொரு கதிரியக்கப் பொருள். அதன் அரை ஆயுள் 12 ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். ஆகவே அறுபதுகளின் டிரிட்டியம் முகப்பு இன்றைக்கு விளக்குப் போல ஒளிர்ந்தால், பூச்சு மாற்றப்பட்டது என்று சந்தேகப்படுங்கள்.

பிறகு பின்மூடியைத் திறந்து எடுத்த படத்தைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்குகிறவரிடம் நான் வாங்குவதில்லை. திருகாணிகளின் தலை சிதைந்திருந்தால் தெரியாத கை உள்ளே புகுந்திருக்கிறது. “நன்றாக ஓடுகிறது” என்ற பேச்சுக்கு மதிப்புக் கொடுக்காதீர்கள்; கடைசியாக எப்போது பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டார்கள் என்று கேளுங்கள். எண்ணெய் வற்றிய கடிகாரமும் ஓடும், தன் அச்சுகளைத் தானே தேய்த்துக்கொண்டு. பதில் இல்லையென்றால் பழுதுபார்க்கும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

வாங்கிய பின் வேலை அதிகமில்லை. தினமும் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள், கையிலிருந்து கழற்றிவிட்டு. கட்டியபடியே முறுக்கினால் சாவித்தண்டு பக்கவாட்டில் அழுந்தும். விரலுக்குத் தடை தெரிந்ததும் நிறுத்துங்கள். தேதி காட்டும் கடிகாரமானால் இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் தேதியைத் திருப்ப வேண்டாம். அந்த நேரத்தில் பற்சக்கரங்கள் கோத்துக்கொண்டிருக்கும். மூடியில் நீர்புகாது என்று பொறித்திருந்தாலும் நம்பாதீர்கள். பொறித்த எழுத்து அப்படியே இருக்கும், ரப்பர் வளையம் காய்ந்து போயிருக்கும். கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் மறுநாள்வரை காத்திருக்காமல் பழுதுபார்ப்பவரிடம் ஓடுங்கள்.

திடீரென ஒரு நாளில் பல நிமிடங்கள் முந்தினால் பதற வேண்டாம். காந்தம் ஏறியிருக்கலாம், அதை நீக்குவது சில விநாடி வேலை. ஒலிபெருக்கி, கைப்பையின் காந்தப் பூட்டு ஆகியவற்றின் பக்கத்தில் வைக்காதீர்கள்.

நாலைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்துச் சுத்தம் செய்யக் கொடுப்பேன். கொடுக்கும்போது மூன்று வரி எழுதிக் கொடுப்பேன்: முகப்பைத் தொடாதீர்கள், வெளிக்கூட்டுக்கு மெருகு போடாதீர்கள், மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கொடுங்கள். மெருகு போடப் போட விளிம்புகள் மழுங்கி, கடிகாரம் சவைத்த மிட்டாய் போலாகிவிடும்.

வாரைப் பிடித்திருக்கும் சிறிய ஸ்பிரிங் கம்பிகள் இரண்டையும் வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள். மிகவும் மலிவான பொருள். பழசே போதும் என்று விட்ட ஒருநாள், என் கடிகாரம் மணிக்கட்டிலிருந்து நழுவிக் கல்தரையில் விழுந்தது. முகப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே, ஓட்டத்தைச் சீராக வைக்கும் சமன்சக்கரத்தின் அச்சு முறிந்திருந்தது. மாற்று அச்சு தேடிப் பிடிக்க ஏழு மாதம் ஆயிற்று.