ரசிகர் விக்கியில் குலச்சின்னங்கள்: முதலில் வாசகம், அப்புறம் படம்

கற்பனை உலகக் கதைகளுக்கான ரசிகர் விக்கியில், அதாவது ரசிகர்களே எழுதித் திருத்தும் கலைக்களஞ்சியத் தளத்தில், ஒரு குலத்தின் பக்கத்தைத் திறப்பவரின் கண் முதலில் போவது அதன் சின்னத்துக்குத்தான். அந்தப் படத்தில் ஒரு நிறம் மாறியிருந்தால் பிழை அந்தப் பக்கத்தோடு நிற்பதில்லை. அதை எடுத்துக் கொடி செய்பவர், டி-ஷர்ட் அச்சடிப்பவர், இன்னொரு விக்கியில் ஏற்றுபவர் என்று பரவி, கொஞ்ச நாளில் மூலப் புத்தகத்தைக் காட்டினாலும் நம்பாத நிலை வந்துவிடும். அதனால் இந்த வேலையைக் கவனமாகச் செய்வது மிக முக்கியம் என்று நினைக்கிறேன். உதாரணத்துக்கு ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' நாவல் வரிசையை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இவ்வளவு குலங்களுக்கு இவ்வளவு விவரமாகச் சின்னம் கொடுத்த கற்பனைக் கதை அரிது.

கேடயத்தின் மேல் வரையும் ஐரோப்பியக் குலச்சின்ன மரபில் சின்னத்தைத் தீர்மானிப்பது அதை விவரிக்கும் வாசகம்தான். பிளேசன் என்பார்கள். 'கருஞ்சிவப்புப் பரப்பில் பொன்னிறச் சிங்கம்' என்று லானிஸ்டர் குலத்துக்கு எழுதியிருந்தால், அதை வைத்துப் பத்து ஓவியர்கள் பத்து விதமாக வரையலாம், பத்தும் சரியாகவே இருக்கும். ஆனால் ஒவ்வொரு ஓவியமும் அதை வரைந்தவருக்குச் சொந்தம். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் எளிது. வாசகத்தை விக்கி தன் மூல ஆவணமாக வைத்துக்கொள்ள வேண்டும், படத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடிய ஒன்றாகப் பார்க்க வேண்டும். படம் பறிபோனாலும் வாசகம் இருக்கும், அதிலிருந்து இன்னொன்று வரைந்துகொள்ளலாம்.

சரி, வாசகத்தை எங்கிருந்து எடுப்பது? நாவல்களின் பின்னிணைப்பில் பெரிய குலங்களுக்கு நேரடியாகவே இருக்கிறது. சிறிய குலங்களுக்குக் கதைக்குள் தேட வேண்டும், ஒரு போர்க் காட்சியிலோ போட்டி மைதானத்திலோ யாரோ ஒருவரின் மேலங்கியைப் பற்றி அரை வரி வரும், அவ்வளவுதான். கிடைத்த வரியை அத்தியாயத்தின் பெயரோடு குறியுங்கள். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும், அடுத்தவர் சரிபார்க்க முடியாது. இரண்டு இடங்களில் இரண்டு விதமாக இருந்தால் உங்களுக்குப் பிடித்ததை மட்டும் போட்டுவிட்டு நகராதீர்கள், இரண்டையும் எழுதி, எதை வைத்துப் படம் வரைந்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். கதையில் ஒரு பாத்திரம் நேரில் பார்த்துச் சொல்வதற்கும், ஆசிரியர் பின்னர் ரசிகர் கேள்விக்குப் பதிலாகச் சொல்வதற்கும் எடை வேறு, அந்த வேறுபாடும் பக்கத்தில் தெரிய வேண்டும்.

தொலைக்காட்சித் தொடரையும் புத்தகத்தையும் கலப்பதுதான் அதிகம் நடக்கும் குழப்பம். இந்த நாவல்களை வைத்து 2011 முதல் 2019 வரை எச்பிஓ ஒளிபரப்பிய 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் ஸ்டார்க் குலத்துக்கு ஓநாயின் தலை; புத்தகத்தில் பனி வெள்ளைப் பரப்பில் ஓடும் சாம்பல் நிற ஓநாய், முழு உடலோடு. போல்டன் குலத்துக்குப் புத்தகத்தில் இளஞ்சிவப்புப் பரப்பில் தோலுரிக்கப்பட்ட மனிதன், தொடரில் அவன் பெருக்கல் குறி போன்ற சிலுவையில் தலைகீழாகத் தொங்குகிறான். இரண்டும் இருக்கட்டும், ஆனால் வேறு வேறு கோப்புகளாக, கோப்புப் பெயரிலேயே 'நாவல்', 'தொடர்' என்று பிரித்து. ஒன்றின் மேல் இன்னொன்றைப் 'புதிய பதிப்பு' என்று ஏற்றினால், அந்தக் கோப்பைப் பயன்படுத்தும் எல்லாப் பக்கங்களும் சொல்லாமல் கொள்ளாமல் மாறிவிடும்.

நிறத்தில் இன்னும் கவனம் வேண்டும். மரபில் ஒரு விதி உண்டு: பொன், வெள்ளி இரண்டும் உலோகங்கள், சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை முதலியவை நிறங்கள், உலோகத்தின் மேல் உலோகமோ நிறத்தின் மேல் நிறமோ வரக்கூடாது, தூரத்திலிருந்து அடையாளம் தெரியாது என்பதற்காக. இதைப் படித்துவிட்டு உற்சாகமாக வரும் புதிய தொகுப்பாளர்கள் டார்கேரியன் குலத்தின் கறுப்பின் மேல் சிவப்பு டிராகனைத் 'திருத்த'ப் பார்ப்பார்கள். கூடாது. ஆசிரியர் விதியை மீறியிருந்தால் அந்த மீறல்தான் சரியான சின்னம். அதே குலத்திலிருந்து பிரிந்த பிளாக்ஃபயர் கிளை, முறைகேடாகப் பிறந்தவர்கள் நிறத்தைத் தலைகீழாக்கும் வழக்கப்படி, சிவப்பின் மேல் கறுப்பு டிராகனை வைத்துக்கொண்டது, ஆக இரண்டு நிறம் இடம் மாறினால் இவர்கள் மோதிக்கொண்ட போரின் இரண்டு தரப்பும் இடம் மாறிவிடும். தனிமனிதச் சின்னங்களையும் குலச்சின்னத்தோடு சேர்க்காதீர்கள்: பிரிண்டன் டல்லியின் கறுப்பு மீன் அவருடையது மட்டுமே, அவர் குலத்துக்கு வெள்ளி மீன்தான். ஸ்டானிஸ் பராத்தியன் இரண்டாவது நாவலில் எரியும் இதயத்துக்குள் தன் குலத்தின் மானை வைத்துக்கொள்கிறார், அதற்கும் தனிக் கோப்பு வேண்டும்.

விலங்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று வாசகம் சொல்லவில்லை என்றால், கேடயம் ஏந்தியவரின் வலப்பக்கம், அதாவது பார்க்கும் நமக்கு இடப்பக்கம். அப்புறம், 'சிவப்பு' என்பதற்கு விக்கி முழுக்க ஒரே நிறக்குறியீட்டைத் தீர்மானித்துவிடுங்கள், நூல் தானாக 'கருஞ்சிவப்பு' என்று பிரித்துச் சொல்லும் இடங்களுக்கு மட்டும் வேறு. வரைவதற்கு இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் போதும், எஸ்விஜி என்ற வரைபட வடிவக் கோப்பாகச் சேமியுங்கள், அடுத்தவர் திருத்த முடியும்.

இனி அனுமதி. இணையத்தில் கிடைத்த படம் என்பது யாரும் எடுக்கலாம் என்பதாகாது. படைப்பாளிகளின் உரிமையைக் காக்கும் பெர்ன் சர்வதேச உடன்படிக்கையில் உள்ள நாடுகளில் வரைந்த கணமே காப்புரிமை வந்துவிடும், பதிவு எதுவும் தேவையில்லை. பிறர் படங்களைச் சேர்த்துவைக்கும் பின்ட்ரெஸ்ட் தளத்தின் இணைப்பை மூலமாக ஏற்காதீர்கள். டின்ஐ, கூகுள் லென்ஸ் போன்ற படத்தேடல் கருவிகளில் படத்தைத் தேடி, டீவியன்ட்ஆர்ட், ஆர்ட்ஸ்டேஷன் போன்ற தளங்களில் ஓவியரின் சொந்தப் பக்கத்தைக் கண்டுபிடியுங்கள். கண்டுபிடிக்க முடியாவிட்டால் அந்தப் படம் வேண்டாம். பெயரில்லாமல் ஒருவர் உழைப்பைக் காட்டுவதைவிட வெற்றுக் கேடயம் மேல்.

ஓவியருக்கு எழுதும்போது 'உங்கள் படத்தைப் பயன்படுத்தலாமா' என்று மட்டும் கேட்டால் அவர் 'தாராளமாக' என்பார், அது எதற்கும் உதவாது. எந்தப் படம், எந்தப் பக்கம், விக்கியில் விளம்பரம் வருகிறதா, வெட்டவோ நிறம் மாற்றவோ செய்வீர்களா, அவர் பெயரை எப்படிப் போட வேண்டும், மற்றவர்கள் அங்கிருந்து எடுக்கலாமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சில நிபந்தனைகளோடு யாரும் பயன்படுத்தலாம் என்று விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தரத் தயாரா என்றும் கேளுங்கள், ஆனால் ஒருமுறை கொடுத்தால் திரும்பப் பெற முடியாது என்பதையும் அவரிடம் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். உரிமத்தில் என்டி (மாற்றக்கூடாது) என்றிருந்தால் நிறம் மாற்றி வெளியிட முடியாது. என்சி (வணிகத்துக்குக் கூடாது) என்றிருந்து உங்கள் தளத்தில் விளம்பரம் ஓடினால் அவரிடம் கேட்காமல் போடாதீர்கள். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: விளையாட்டு அட்டைக்கோ அதிகாரபூர்வப் புத்தகத்துக்கோ வரைந்த ஓவியத்தில் ஓவியருக்கே உரிமை இல்லாமல் இருக்கலாம், பதிப்பாளரிடம் போயிருக்கும். அந்த மாதிரிப் படங்களுக்கு ஓவியரின் சம்மதம் மட்டும் போதாது.

நியாயமான பயன்பாடு என்ற அமெரிக்கச் சட்ட விலக்கைப் பலர் எல்லாவற்றுக்கும் ஒட்டிவிடுகிறார்கள். தொடரின் ஒரு காட்சியைப் பற்றி எழுதும்போது அந்தக் காட்சியின் சிறிய படத்தைப் போடுவதற்கு அது பொருந்தலாம். ஒரு ரசிகர் வரைந்த கேடயத்துக்கு அந்த வாதம் நிற்பது கடினம், வாசகத்தைப் பார்த்து நாமே ஒன்று வரைந்திருக்கலாமே. நாமே வரைந்தாலும் சின்னம் மார்ட்டினின் கற்பனை, வரைவு மட்டும்தான் நம்முடையது. கோப்புப் பக்கத்தில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

கோப்புப் பக்கத்தில் வாசகம், அத்தியாயம், வரைந்தவர், மூல இணைப்பு, உரிமம், அனுமதி வந்த தேதி, செய்த மாற்றங்கள் எல்லாம் இருக்கட்டும். ஓவியரின் அனுமதிக் கடிதத்தை ஒரே நிர்வாகியின் தனி அஞ்சல் பெட்டியில் விட்டுவைக்காதீர்கள், அவர் விலகினால் ஆதாரமும் போய்விடும். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவில் இதற்கென்றே தன்னார்வலர் குழு ஒன்று அனுமதி மின்னஞ்சல்களைக் காப்பகத்தில் வைக்கிறது. சிறிய விக்கிக்கு இரண்டு மூன்று நிர்வாகிகள் பார்க்கக்கூடிய ஒரு பொது அஞ்சல் போதும்.

ஓவியர் நீக்கச் சொன்னால் முதலில் நீக்குங்கள், பேச்சு அப்புறம். அன்றே வாசகத்திலிருந்து மாற்றுப் படம் வரையச் சொல்லிக் குழுவில் கேளுங்கள். மாற்றுப் படத்தை அதே கோப்பின் மேல் ஏற்றினால் பழையது கோப்பின் வரலாற்றில் இன்னும் திறந்துதான் கிடக்கும், அதை ஒரு நிர்வாகி தனியாக அழிக்க வேண்டும்.