பட்டை மந்தியும் டிஎன்ஏவும்: எங்கே தவறு செய்கிறோம்?

தாம்சன் இயற்கைப் பூங்காவுக்குத் தமிழ்க் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது, மேலே கிளையில் ஒரு ராஃபிள்ஸ் பட்டை மந்தி தென்பட்டுவிட்டால் சிறுவர்கள் மூச்சுக்கூட விடமாட்டார்கள். கறுப்பு உடம்பு, தொடையின் உள்பக்கம் வெள்ளை. சிங்கப்பூர் முழுக்க 70 சொச்சம்தான் இருக்கின்றன என்று சொன்னதும் பெரியவர் யாராவது கேட்பார்: "முன்னே 40, 50தானே இருந்துச்சு? கூடிக்கிட்டுதானே வருது, அப்புறம் என்ன கவலை?"

அழியும் நிலையில் உள்ள உயிரினங்களைப் பற்றி நாம் செய்யும் முதல் தவறு இதுதான்: தலையை எண்ணி முடித்ததும் நிம்மதியாகிவிடுவது. இந்த மந்திகள் கூட்டமாக வாழ்பவை. ஒரு கூட்டத்தில் வளர்ந்த ஆண் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும், அங்கே பிறக்கும் குட்டிகளுக்கெல்லாம் அநேகமாக அதுவே தகப்பன். அதனால் 70 மந்தி என்றால் 70 வம்சம் என்று ஆகாது. நம் வீடுகளிலேயே தெரிந்த விஷயம்தானே. அக்காள் மகள், மாமன் மகள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள் கல்யாணம் முடித்தால், இரண்டு பேரிடமும் மறைந்திருக்கும் ஒரே பழுது பிள்ளையிடம் ஒன்றுசேர்ந்து வெளியே வரும் வாய்ப்பு கூடுகிறது. நமக்காவது வெளியில் சம்பந்தம் பார்க்க வழி இருக்கிறது. மந்திகளுக்கு அதுவும் இல்லை. புக்கிட் தீமா காட்டில் இருந்த கடைசி மந்தியை 1987இல் நாய்கள் கடித்துக் கொன்றன. மிஞ்சியவை மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டுக்குள் அடைபட்டிருக்கின்றன. அவற்றின் எச்சத்திலிருந்து, அதாவது மலத்திலிருந்து, டிஎன்ஏ எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2012இல் வெளிவந்தது. எண்ணிக்கை மீண்டுவருகிறது, ஆனால் மரபணு வேறுபாடு, அதாவது ஒரு மந்திக்கும் இன்னொரு மந்திக்கும் மரபணுவில் உள்ள வித்தியாசம், மிகக் குறைவு என்று அது காட்டியது.

இதைக் கேட்டதும், "கீழே கிடக்கும் எச்சத்தை நாங்களும் எடுத்துத் தரலாமே" என்று சிலர் ஆர்வமாக முன்வருவார்கள். வேண்டாம். காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. அனுமதி உள்ளவர்களுக்கே இது சுலபமான வேலை இல்லை. அதே காட்டில் நீள்வால் குரங்குகளும் இருக்கின்றன. மந்தி போடுவதைக் கண்ணால் பார்த்து எடுக்காவிட்டால் எது யாருடையது என்ற சந்தேகம் கடைசிவரை தீராது. நான் முதன்முதலில் உதவிக்குப் போனபோது மாதிரிக் குழாய்களுக்கான சீட்டைப் பேனாவால் எழுதிவிட்டேன். மாதிரி கெடாமல் இருக்க ஊற்றும் எத்தனால் கசிந்து மை கரைந்துபோனது. மூன்று குழாய்கள் எந்தக் கூட்டத்துடையவை என்றே தெரியாமல் வீணாயின. அந்த மாதிரிகளுக்காக விடியற்காலையிலிருந்து காத்திருந்தவர்களின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பென்சிலால் எழுதுங்கள், ஒரு சீட்டைக் குழாய்க்கு உள்ளேயும் போடுங்கள்.

ஆய்வகத்தில் நேரும் தவறு இதைவிட நுணுக்கமானது. ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியாக இருக்கும். நம் ஊர் வெக்கையிலும் மழையிலும் கிடந்த எச்சத்தில் டிஎன்ஏ நைந்துபோயிருக்கும். சோதனையில் ஒரு பிரதி சிக்கி, மற்றது தவறிவிடலாம். அப்படி ஆனால் ஒரே மந்தியின் இரண்டு எச்சங்கள் இரண்டு மந்திகள்போலத் தெரியும், 50 இருக்கும் இடத்தில் 60 என்று கணக்கு வரும். இன்னொரு பக்கம், இருக்கும் வேறுபாடும் உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றும். அதனால்தான் ஒரே மாதிரியைப் பலமுறை திரும்பத் திரும்பச் சோதிக்கிறார்கள். செலவு, நேரம் என்று பார்த்து இதைச் சுருக்கிவிட்டால் வரும் எண்ணை நம்பவே முடியாது.

சரி, வேறுபாடு குறைவு என்றால் வெளியிலிருந்து நாலு மந்திகளைக் கொண்டுவந்து விட்டால் போதாதா? விடலாம், ஆனால் எங்கிருந்து? முன்பு சுமாத்ராவின் கிழக்கில் வாழும் மந்தியையும் நம் மந்தியையும் ஒரே இனத்தின் கிளைகள் என்றே வைத்திருந்தார்கள். எச்ச டிஎன்ஏவை வைத்து 2020இல் வெளியான ஆய்வு அவை தனித்தனி இனங்கள் என்று காட்டியது. பெயரை நம்பி அங்கிருந்து கொண்டுவந்திருந்தால் இரண்டு இனங்களையும் குழப்பியிருப்போம். நம் மந்தியின் உண்மையான சொந்தம் கடலுக்கு அப்பால் ஜொகூரில் இருக்கிறது.

புது ரத்தம் சேர்த்துப் பிழைத்த உயிரினங்கள் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருந்த பூமா என்ற பெரிய காட்டுப்பூனைகளுக்கு வால் மடங்கி, ஆண்களுக்கு விரை இறங்காமல் போன நிலையில், 1995இல் டெக்சஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்தார்கள். கூட்டம் தேறியது. அமெரிக்க ஏரி ஒன்றில் உள்ள ஐல் ராயல் தீவில் நடந்தது வேறு. 1997இல் உறைந்த ஏரியைக் கடந்து ஒரே ஓர் ஆண் ஓநாய் வந்தது. முதலில் எல்லாம் நன்றாக இருந்தது. பிறகு தீவு முழுக்க அதன் வாரிசுகளே நிறைந்து, 2016இல் இரண்டு ஓநாய்கள் மிஞ்சின. அவை தகப்பனும் மகளும். ஒருமுறை சேர்த்துவிட்டுக் கதவைச் சாத்தினால் அந்தப் பலன் நிலைக்காது.

இதற்கு நேர்மாறான தவறு, வேறுபாடு குறைவு என்ற அறிக்கையைப் பார்த்ததும் கைகழுவிவிடுவது. மெக்சிகோவின் கலிஃபோர்னியா வளைகுடாவில் உள்ள வக்கிட்டா என்ற சிறு கடற்பன்றி இன்று பத்து அளவில்தான் இருக்கிறது. ஆனாலும் அதன் மரபணுவில் அழிவு எழுதப்படவில்லை, மீன்வலையில் சிக்கிச் சாவது நின்றால் பிழைத்துக்கொள்ளும் என்று 2022இல் ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

உறைய வைத்த செல் இருக்கிறது, பிறகு உயிர்ப்பித்துக்கொள்ளலாம் என்ற பேச்சும் இப்போது அதிகம் கேட்கிறது. அமெரிக்காவில் 1988இல் உறைய வைத்த செல்லிலிருந்து 2020இல் கீரி போன்ற ஒரு கருங்கால் ஃபெரெட்டைக் குளோனிங் முறையில் பிறக்க வைத்தார்கள், உண்மைதான். அந்த இனத்தைப் புல்வெளியில் கொண்டுபோய் விடும் வேலை அதற்கு முன்பே பல ஆண்டுகளாக நடந்துவந்தது. விடுவதற்குக் காடு இல்லாதபோது குளிர்பெட்டியில் இருக்கும் செல்லால் என்ன பயன்?

நம் ஊரில் பிகேஇ என்ற புக்கிட் தீமா விரைவுச்சாலை 1986இல் காட்டை இரண்டாகப் பிளந்தது. 2013இல் அதன் மேல் விலங்குகள் கடப்பதற்கான ஈகோ லிங்க் பாலம் வந்தது. எறும்புத்தின்னிகள் அதைக் கடப்பது கேமராவில் பதிவாகியிருக்கிறது. மரத்திலேயே வாழும் மந்திகளுக்காகப் பழைய அப்பர் தாம்சன் சாலைக்கு மேல் கயிற்றுப் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். கடந்து போனதைக் கேமரா சொல்லிவிடும். கடந்துபோன மந்தி அந்தப் பக்கத்தில் குட்டிக்குத் தகப்பனானதா என்பதை, சில ஆண்டுகள் கழித்து எடுக்கும் எச்சம்தான் சொல்லும்.